ஜுரந்திரின் வலது கால்

சாந்தோ ஆந்த்ரேயில் கார் ஓட்டக் கற்றவர்களில் பாதிப் பேர் ஜுரந்திர் பிரெசானின் வலது காலால் உயிர் பிழைத்தவர்கள். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் பயந்து உறைவதற்குள் அவர் கால் இறங்கிவிடும். கண் அப்போதும் சாலையில் இருக்காது. ஏதாவது பேக்கரியின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சீஸ் ரொட்டியில் இருக்கும்.

“அந்த நாய் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று முதல் நாளே பிரேக்கை மிதித்துவிட்டு என்னைக் கேட்டார். “பயப்படு, தப்பில்ல. பயந்துக்கிட்டே கண்ணைத் திறந்து வெச்சுக்கோ. அவ்வளவுதான் டிரைவிங்.”

இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு யாரும் இதைவிட உருப்படியாக ஒன்றும் சொன்னதில்லை.

சனிக்கிழமை வகுப்பு என்றால் எந்தத் தெருவில் தொடங்கினாலும் கடைசியில் ஒரு பல் மருத்துவரின் வீட்டு வாசலில்தான் முடியும். டாக்டரின் பெயர் தூலியோ. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டி, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, அதில் கிதார் வாசிப்பவர். பெத்ரா சேகா என்ற மெட்டல் குழுவின் தலைவர். பெயருக்குக் குருட்டுக்கல் என்று அர்த்தம். ஜுரந்திர் அதில் டிரம்மர். வகுப்பு நேரத்திலேயே ஒத்திகைக்கு வந்து சேர்ந்துவிடுவார். நான் ரிவர்ஸில் நிறுத்திப் பழக வேண்டும், அவர் உள்ளே போய்விடுவார். நான் இடித்து இடித்தே தூலியோவின் மதில் எனக்கும் அவருக்கும் பகை மூட்டியது.

பெத்ரா சேகாவுக்கு அப்போது இரண்டு ஆல்பம்தான். முதலாவதை ஆங்கிலத்தில் பாடினார்கள். அந்த ஆங்கிலம் பாடகர் உட்பட யாருக்கும் புரியாது. அப்படியும் ஜப்பானில் கொஞ்சம் விற்றது. இரண்டாவதைத் தங்கள் போர்த்துகீசியத்திலேயே பாடினார்கள், ஜப்பானும் கைவிட்டது. ஆனால் அதில்தான் ‘படிக்கட்டு’ இருந்தது. இந்த வகை மெட்டலில் தாளம் ஓர் இடத்தில் நிற்காது. ஐந்து எண்ணிக்கையில் தொடங்கி ஏழுக்குத் தாவி, பாடகர் மூச்சு வாங்குவதற்குள் பதினொன்றுக்குப் போய்விடும். அந்தத் தாவல்களுக்கு அடியில் ஜுரந்திர் இரண்டு பேஸ் டிரம்மிலும் இரண்டு காலால் ஓடுவார், இருட்டில் மாடியிலிருந்து ஒருவன் விழாமல் இறங்கி ஓடுவதுபோல. அதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் படிக்கட்டு. கச்சேரியில் அந்த இடம் வந்தால் கைப்பேசிகள் எல்லாம் பாடகரை விட்டு டிரம்மின் பக்கம் திரும்பும்.

மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு ஜுரந்திர் ஒரு புதிய ஓட்டம் அமைத்திருந்தார். படிக்கட்டைவிட நீளம். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். “இதை ஒரு தடவை ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணிட்டா போதும்,” என்பார். “அப்புறம் என்னை இந்தக் காரிலேயே வெச்சுப் புதைச்சிடுங்க.”

ஒரு சனிக்கிழமை உள்ளே சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது, அதே இடத்தில் நின்றது.

“என்னடா, ஒரு படி காணோம்?” தூலியோவின் குரல்.

“ஷூ லூசா இருக்கு.”

“ஷூவா? மண்டையில பாரு.”

ஷூவை மாற்றிப் பார்த்தார். வெறுங்காலில் அடித்துப் பார்த்தார். இருக்கையை ஏற்றினார், இறக்கினார். ஓட்டம் தொடங்கினால் வலது கால் விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். குதிகால் யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல எழும்பும். வலி கிடையாது. நிறுத்தினால் உடனே சரியாகிவிடும்.

மனைவி லெனீரா லாட்டரிக் கடையில் கல்லாவில் இருப்பவள். “ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டம் விக்கிறேன், நம்ம வீட்டுக்கு மட்டும் ஸ்டாக் இல்ல,” என்று சொல்லிக்கொண்டே அவரைப் பக்கத்துத் தெருவில் மந்திரிக்கிற அம்மாளிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மாள் அருவதா மூலிகை இலைக் கொத்தால் காலைத் தடவி, கண்ணேறு என்றார். கொத்து வாடியதைக் காட்டினார். கால் அப்படியே இருந்தது.

அரசு மருத்துவமனையில் நரம்பு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்து காத்திருந்து, நம்பர் வந்தபோது குளிர்காலமே முடிந்துவிட்டது. அந்தப் பெண் டாக்டர் அவரை நடக்கச் சொன்னார்; குதிகாலில் நிற்கச் சொன்னார்; கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

“இப்ப டிரம் அடிக்கிற மாதிரி உக்காந்து செஞ்சு காட்டுங்க.”

செய்தார். விரல்கள் சுருண்டன. டாக்டர் குனிந்து பார்த்தார்.

“கார் பிரேக் மிதிக்கும்போது இப்படி ஆகுதா?”

“இல்ல டாக்டர்.”

“மாடி ஏறும்போது?”

“இல்ல.”

“உங்க கால்ல ஒரு கோளாறும் இல்ல. இந்த ஒரு வேலையை மட்டும் மூளை தப்பா மனப்பாடம் பண்ணிடுச்சு. ஒரே காரியத்தை அளவுக்கு மீறிப் பழகுறவங்களுக்கு வரும். உங்கள மாதிரி ஒரு பியானோக்காரர்கூட வந்தார்.”

“அவருக்குச் சரியாயிடுச்சா?”

டாக்டர் பேனாவை மூடினார். “அதை மட்டும் விட்டுட்டீங்கன்னா உங்களுக்கு வேற எந்தத் தொந்தரவும் இருக்காது.”

வெளியே வந்ததும் லெனீரா, “பயந்தே போயிட்டேன். நல்ல சேதிதானே?” என்றாள். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு லெனீராதான் இதை எனக்குச் சொன்னாள்.

பாடகர் போர்ச்சுகலுக்குக் குடிபெயர டிக்கெட் எடுத்திருந்தார். இங்கே யார்தான் எடுக்கவில்லை. ஆகவே ஆல்பத்தை அவர் போவதற்குள் முடித்தாக வேண்டும். இந்தக் குழுக்களில் முதலில் பதிவாவது டிரம். அதன் மேல்தான் மற்றதெல்லாம் ஏறும். ஆனால் அந்த வருடம் கிதார் முடிந்தது, பாட்டு முடிந்தது, டிரம்முக்கு மட்டும் யாரும் அழைக்கவில்லை. ஜுரந்திர் தினமும் வீட்டில் ஒரு தலையணையை மிதித்துப் பழகினார், மெதுவாக, மிக மெதுவாக, குழந்தைக்கு நடை பழக்குவதுபோல. வேகத்தைக் கூட்டினால் விரல் சுருளும்.

கடைசியில் ஒரு மதியம் தூலியோ கூப்பிட்டார். பக்கத்து ஊர் சாவ் கயேத்தானோவில், ஒலிப்பதிவு செய்கிற மித்சுவோவின் ஸ்டுடியோ. என் வகுப்பும் அங்கே போயிற்று. தூறல் விழுந்துகொண்டிருந்தது, ஜுரந்திர் என்னை உள்ளே வந்து சோபாவில் உட்காரச் சொன்னார்.

மித்சுவோ ஒவ்வொரு டிரம்முக்கும் மைக் வைத்திருந்தான். “ஜுரா, ஒவ்வொண்ணா அடி. ஒரே அடி. அடிச்சிட்டு சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் அசையாதே.”

ஜுரந்திர் அடித்தார், காத்திருந்தார். மெல்ல ஒன்று, கொஞ்சம் பலமாக ஒன்று, முழு பலத்தோடு ஒன்று. தோலின் நடுவில், பிறகு ஓரத்தில். சிம்பலின் ரீங்காரம் அடங்க வெகுநேரம் ஆகும். அதுவரை மூச்சைப் பிடித்தபடி, குச்சியைக் காற்றில் நிறுத்தியபடி இருப்பார். ஓயாமல் அடிப்பதற்கென்றே பிறந்த ஓர் ஆளை ஒவ்வொரு அடிக்கும் பிறகு சிலையாக நிற்கவைத்ததை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பேஸ் டிரம்மின் முறை வந்தது. வலது கால். ஓர் அடி. அருமையான அடி. இன்னொன்று. கால் சொன்னபடி கேட்டது.

“பாத்தியா!” முகமெல்லாம் சிரிப்பு. “இன்னிக்குக் கால் நல்லாயிருக்கு. பாட்டைப் போடு மித்சு, சூடு ஆறுறதுக்குள்ள எடுத்துடலாம்.”

மித்சுவோ தூலியோவைப் பார்த்தான். தூலியோ காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்.

“பாட்டு ரெடியாயிடுச்சு, ஜுரா.”

“ரெடின்னா?”

“கம்ப்யூட்டர்ல அடுக்கியாச்சு. உன் சத்தம் மட்டும்தான் பாக்கி. இப்ப எடுக்கிறோமே, இதை அங்கங்க உக்கார வெச்சா முடிஞ்சுது.” தூலியோ வேகமாகப் பேசினார், பல் பிடுங்குவதற்கு முன் பேசுவாரே, அந்த வேகம். “நீ போட்டதுதான்டா எல்லாம். உன் டிரம், உன் கால், உன் அடி. வரிசை மட்டும் மித்சுவோ.”

“வேற ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாமே.”

“உன்னைத் தள்ளிட்டு இன்னொருத்தனா? நாங்க என்ன துரோகிங்களா?” தூலியோ உண்மையிலேயே புண்பட்டுவிட்டார். “அட்டையில உன் பேருதான் வரும். வேற எவன் பேரும் வராது.”

ஜுரந்திர் இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கார் சாவி என்னிடம் இருந்தது. நான் எழுந்தும் விட்டேன்.

“இடது கால் இன்னும் எடுக்கலையே?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றான் மித்சுவோ.

அவர் இடது காலால் ஓர் அடி அடித்துவிட்டு, அது அடங்கும்வரை அசையாமல் இருந்தார்.

ஆல்பம் வந்தது. பாராட்டு முதல்முறையாகக் கொட்டியது. வயசாக ஆக வேகம் கூடுகிற ஒரே மனுஷன் என்று ஒருவர் எழுதினார். சிலியிலிருந்து ஒருத்தி, எப்படிப் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதினாள். லெனீரா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவாள். அவர் பாத்திரம் தேய்ப்பார். ஆல்பத்தை அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

வெளியீட்டுக் கச்சேரிக்குப் பாடகர் லிஸ்பனிலிருந்து வந்தார். ஜுரந்திருக்குத் தசைப்பிடிப்பு என்று அறிவித்துவிட்டு, ஒசாஸ்கோவிலிருந்து தைனா என்ற பெண்ணை டிரம்முக்கு அழைத்திருந்தார்கள். இயந்திரத்தை ஓடவிட்டு மேடையில் நடிக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு தூலியோ, ரசிகனை ஏமாற்றக் கூடாது என்றாராம்.

அன்று மதியம் ஒலி சரிபார்க்கும் நேரத்தில் தைனா ஜுரந்திரிடம் வந்தாள். “மாஸ்டர், ஒரே ஒரு சந்தேகம். கடைசிப் பாட்டு, ரெண்டாவது சுத்து. எந்தக் கால்ல ஆரம்பிக்கிறீங்க?”

“வலது.”

உட்கார்ந்து பார்த்தாள். “வலதுல ஆரம்பிச்சா இங்க வந்து அதே கால் அடுத்தடுத்து ரெண்டு தடவை வருதே. இந்த வேகத்துல எப்படி மாஸ்டர்?”

“அப்ப இடதுல எடு.”

“இடதுல எடுத்தா அங்க மாட்டுது. ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிறேன். நீங்களே கேளுங்க.” கைப்பேசியை அவர் காதில் வைத்தாள்.

அவர் அப்போதுதான் முதன்முறை கேட்டார். கேட்கக் கேட்க முகம் கல்லாகிக்கொண்டே போனது. தன் ஓட்டத்தில் இரண்டு இடங்களைச் சும்மா விட்டிருந்தார். கால் மாற்றிக்கொள்ள, மூச்சுவிட. அந்த இரண்டு இடத்திலும் இப்போது அடி இருந்தது. அவருடைய சொந்த வலது கால் அடி.

தூலியோ ஓரமாகக் கிதார் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். “ஓ, அதுவா? ரெண்டு இடம் காலியா கிடந்துச்சு, ஜுரா. நிரப்பிட்டோம். நல்லாயிருக்குல்ல?”

“அது காலி இல்ல.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல.” தைனாவிடம் திரும்பினார். “அந்த ரெண்டு அடியையும் விட்டுட்டு வாசி.”

“ஆளுங்க கண்டுபிடிச்சிடுவாங்களே, மாஸ்டர்.”

“கண்டுபிடிப்பாங்க.”

நகராட்சி அரங்கம் நிரம்பியிருந்தது. எல்லாரும் கறுப்புச் சட்டை. நானும் லெனீராவும் அவரோடு பின்வரிசையில் நின்றோம். கடைசிப் பாட்டு வந்தது, அந்த இடம் வந்தது. தைனா இரண்டு அடியை விட்டு வாசித்தாள். ஜுரந்திர் சிவப்பு விளக்கில் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது அப்படியே, ஓர் அடி பிசகாமல் அதுதான். அந்த ஓட்டம் மனிதக் காலால் ஓடியது அன்றைக்குத்தான். நான் அவரைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு முன்னால் நின்ற தாடிக்காரர் நண்பரிடம், “முழுங்கிட்டாடா! ரெண்டு அடியை முழுங்கிட்டா. ரெக்கார்டைக் கேட்டா தெரியும்,” என்றார்.

“அதுதான் சரி,” என்றார் ஜுரந்திர்.

தாடிக்காரர் சண்டைக்குத் திரும்பினார்; ஆளைப் பார்த்ததும் வாய் பிளந்தது. “மாஸ்டர்! டேய், ஜுரந்திர்டா! மாஸ்டர், நீங்க உக்காந்திருந்தா இப்படியா ஆகியிருக்கும்?”

“என்னாலயும் முடியாதுப்பா.”

“அட போங்க மாஸ்டர்!”

“நிஜமாத்தான் சொல்றேன். ரெக்கார்டுல வாசிச்சது நான் இல்ல. கம்ப்யூட்டர். அந்த ரெண்டு அடியை எந்தக் காலாலயும் அடிக்க முடியாது.”

 தாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜுரந்திரின் முதுகில் ஓங்கித் தட்டினார். “பாருங்கடா! இவ்வளவு பெரிய மனுஷன், எப்படிப் பேசுறாருன்னு பாருங்க! எவனாவது கத்துக்குங்கடா இந்தப் பணிவை!”

கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. ஆல்பம் அட்டைகள் நீண்டன. யாரோ பேனா கொடுத்தார். டிரம்ஸ் என்ற சொல்லுக்கு எதிரே அவர் பெயர் அச்சாகியிருந்த இடத்தை ஒவ்வொருவரும் விரலால் காட்டினார்கள்.

லெனீரா அவர் காதருகே குனிந்தாள். “எதுக்கு இங்க வந்து இதைச் சொன்னே?”

“சொன்னேன். யாரு நம்பினா?”

“நம்பியிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

அவர் அடுத்த அட்டையை வாங்கி, சுவரில் வைத்து, தன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார்.