கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியது

கோவில்பட்டி ரயில் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது காலை எட்டே கால். மதுரையிலிருந்து தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் அவருடைய செல்போன் இருந்தது. அந்தப் போனில் இன்றைக்கு டாக்டர் கூப்பிட வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் ஜெயசிங், ஓய்வு பெற்ற ஆசிரியர். (புருஷன் பேரை அச்சில் போடுகிறாயா என்று என் அம்மா இருந்தால் வைவாள்.) மூன்று மாதமாக அவருக்குக் கட்டின தொண்டை விடவே இல்லை. சளி என்றார்கள். கத்திக் கத்திப் பாடம் நடத்தியதன் பலன் என்றார்கள். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல்வளையில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று சொல்லி, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். “சனிக்கிழமை போன்ல சொல்லுவாராம்” என்று இவர் வந்து சொன்னார். அந்தச் சனிக்கிழமைதான் இது.

வீட்டில் உட்கார்ந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, நாகலாபுரம் பக்கம் போய்வரலாம் என்றேன். கல்யாணமான புதிதில் இவருக்கு முதல் வேலை அங்கே ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில். எங்கள் மகள் பிறந்ததும் அங்கே இருக்கும்போதுதான். கேட்டதெல்லாம் கிடைத்த இடம் என்று அந்த ஊர் வேதக் கோயிலைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம். புரட்டாசியில் விதைப்புக்கு முன்னால் அங்கே விதை ஜெபம் வைப்பார்கள். அன்றைக்குப் போய் நின்றால் இதுவும் கிடைக்காதா? உள்ளதைச் சொல்கிறேன், ஒழுங்காக முழங்கால் போட்டு எனக்கு மாதக்கணக்காகிறது. போட்டாலும் வாயில் வருவது ஒரே வார்த்தைதான்: வேண்டாம், ஆண்டவரே, வேண்டாம். அதற்கு ஜெபம் என்று பெயரா என்றுகூடத் தெரியவில்லை.

பஸ் ஏறுமுன் கடலைமிட்டாய் வாங்க வேண்டும் என்றார் இவர். கடைக்காரர் ஒரு பாய், நாற்பது வயது இருக்கும். அரை கிலோ நூற்றிருபது ரூபாய். வாங்கினோமா வந்தோமா என்று இல்லாமல் இவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

“பாய், ஒங்க அத்தா இருக்கும்போது இந்தக் கடைல நான் வாங்கியிருக்கேன். அப்போ முன்னால ஒரு தகரக் கூரை கெடந்துது.”

“அப்படியா சார்! உக்காருங்க, உக்காருங்க. எந்தப் பக்கம் போறீய?”

எந்தப் பக்கம், எதற்கு, அந்தக் காலத்தில் எந்த பஸ், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொன்னார். குரல் ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல் கரகரத்தது. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அதோடு, இந்த மனுஷன் பள்ளிக்கூடத்தில்தான் பேசுவார், வீட்டுக்கு வந்தால் ‘உம்’ கொட்டுவார். அப்படிப்பட்டவருக்கு இன்றைக்கு என்ன வந்தது?

“பேசாதீங்கன்னு சொல்லுதேன்லா” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

பாய் மிட்டாயைக் கட்டிக்கொண்டே, “மழைக்கு ஜெபம் வைக்கப் போறீயளாக்கும். நல்லது. சாயங்காலமானா மேகம் கட்டுது, ராத்திரி எங்க போகுதோ தெரியல. மழை பெஞ்சா நம்ம மிட்டாய் பிசுபிசுத்துரும். ஆனா காட்டு சனம் கையில நாலு காசு பொழங்கினாத்தான நமக்கு யாவாரம்? நானும் துவா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்றார்.

டவுன் பஸ்ஸில் எனக்கு இலவசச் சீட்டு, இவருக்கு முப்பது ரூபாய். “பொம்பளைக்கு ஒரு நாயம், நமக்கு ஒரு நாயமா?” என்று கண்டக்டரிடம் கேலி பேசினார். கண்டக்டர் சிரித்தார். நான் மறுபடியும் “சும்மா வாங்க” என்றேன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்களை ஏற்றிய வேன்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் விரிந்தது. உழுது போட்ட கறுப்பு மண், நடுவில் உடைமரம், அங்கங்கே புதிதாக வந்திருக்கும் சூரிய மின்சாரத் தகடுகள். ஒரு பச்சை கிடையாது. ஆனாலும் காட்டில் ஆட்கள் நின்றார்கள். இங்கே மழைக்குக் காத்திருந்து விதைப்பதில்லை. காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டு மூடிவிட்டு, மழை வரும் என்று இருப்பார்கள். வராவிட்டால் விதை அப்படியே மண்ணுக்குள் கிடக்கும். அதில் கூடப் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து தூறலில்தான். சும்மா நாலு சொட்டுத் தூறினால் விதை ஏமாந்து முளை விடும், அப்புறம் வெயிலில் கருகும். அதனால் மழையே இல்லாததைவிடத் தூறலுக்குத்தான் இந்தச் சனம் பயப்படும்.

நாகலாபுரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஏழு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய். கூடுதல் என்றேன்.

“ரோடு கெடக்க கெடப்பைப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா” என்றார் ஆட்டோக்காரர்.

பாதி வழியில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்து எங்களை நிறுத்தியது. ஓட்டி வந்த கோனாரிடம் இவர் தலையை நீட்டி, “கிடை எந்தக் காட்டுலவே போட்டிருக்கிய?” என்று ஆரம்பித்தார். நான் அவர் பையில் கைவிட்டுப் போனை எடுக்கப் பார்த்தேன். சட்டென்று கையைத் தட்டிவிட்டார்.

“டவர் கெடையாது இங்கன. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“டாக்டர் கூப்புட்டா?”

“கூப்புட்டா கூப்புடட்டும், ரூபி.”

ரூபி நான்தான். இவர் அவ்வளவு சாவதானமாகச் சொன்னது எனக்கு ஆத்திரமாக வந்தது. பயப்படுகிற வேலையை முழுக்க என் தலையில் கட்டிவிட்டு, கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு வருகிறாரே!

கோயில் மாறவில்லை, தரைக்கு மட்டும் டைல்ஸ் போட்டிருந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். பீடத்துக்கு முன்னால் உளுந்து, பாசி, கம்பு என்று சின்னச் சின்ன மூட்டைகள், மருந்து தடவிய பருத்தி விதைப் பாக்கெட்டுகள். அந்த மருந்து நெடி கோயில் முழுக்க இருந்தது. ஜெபம் நடத்தும் உபதேசியார் புதியவர், இளவயதுக்காரர். எங்களைப் பார்த்ததும் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார்:

“வெளியூர்லேருந்து வந்திருக்கவியளுக்காகச் சொல்லுதேன். இந்தக் கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. எதுவும் கேக்கதுக்கு முந்தி, ஆண்டவர்ட்ட வாங்கினதுல ஒண்ணைச் சொல்லணும். சொல்லிட்டு, அப்புறம் வேண்டியதைக் கேளுங்க.”

இந்த வழக்கத்தை நான் அடியோடு மறந்திருந்தேன். கேட்டதும் கிடைத்ததும்தான் நினைவில் இருந்தன.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பெண் தன் வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டதைச் சொன்னாள். ஒருவர், “போன வருசம் பாம்பு கடிச்சுது. சாகல. ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோயிலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முறை நெருங்கிக்கொண்டே வந்தது. முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் சொல்ல ஒன்று அகப்படவில்லை என்றால் நம்புவீர்களா? மூளைக்குள் அந்தச் சட்டைப் பைதான் இருந்தது.

எழுந்து நின்றேன். “ஆண்டவரே, இவருக்கு ஒண்ணும் இல்லன்னு...” என்று நேரே கேட்கத் தொடங்கிவிட்டேன்.

“மொதல்ல சொல்லுங்கம்மா” என்றார் உபதேசியார், மெதுவாக.

எல்லோரும் காத்திருந்தார்கள். அப்போதுதான் அந்தக் கட்டில் நினைவுக்கு வந்தது. மகளுக்கு வலி எடுத்த அன்று கொட்டோ கொட்டென்று மழை. கரிசல் குழைந்து, வந்த ஜீப் ஓடைக்கு அந்தப் பக்கமே புதைந்துவிட்டது. நாலு பேர் என்னைக் கட்டிலோடு தோளில் தூக்கி, முழங்கால் அளவு சகதியில் ரோடு வரை கொண்டுபோனார்கள். அதைச் சொன்னேன். அந்த நாலு பேருக்காகவும் ஸ்தோத்திரம் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “என் ஒத்தச் செருப்பு இன்னும் அந்தச் சகதிக்குள்ளதான் கெடக்கு, சார் வீட்டம்மா!”

திரும்பினால் ஞானமுத்து அண்ணாச்சி. தலைமாட்டைத் தூக்கினவர். தலை முழுக்க நரைத்துவிட்டது.

“அந்த வருசம் மழை வேணும் மழை வேணும்னு முட்டி தேய ஜெபிச்சது நாங்க. நடுவுல மாட்டிக்கிட்டது நீங்க” என்றார்.

சிரித்துவிட்டேன். எத்தனை வாரம் கழித்தோ, வாய்விட்டு. சிரித்துக்கொண்டே உட்கார்ந்த பிறகுதான், எதற்காக இவ்வளவு தூரம் வந்தேனோ அதைக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. அடுத்தது இவர் முறை. சரி, அவரே கேட்கட்டும்.

இவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் தன்னிடம் முதன்முதலில் படித்த பிள்ளைகளின் பேரை வரிசையாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்த கிணற்றைச் சொன்னார். தேளைப் பார்த்து ஒரு வாரம் அழுத பெண்சாதி, பொறுத்துக்கொண்டு கூடவே இருந்ததைச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கடைசியில் கழுத்தைத் தொட்டுக்கொண்டு, “இந்தத் தொண்டைய வச்சுத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. இதைக் குடுத்ததுக்கும் ஸ்தோத்திரம், ஆண்டவரே” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

“கேளுங்க” என்று அவர் தொடையைக் கிள்ளினேன். “ஒண்ணும் கேக்கலையே நீங்க!”

“போதும்ட்டி” என்றார்.

பிறகு பாட்டு. அதையும் இவர்தான் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் அடியில் குரல் பிசிறி நின்றது. மற்றவர்கள் சேர்ந்து தாங்கிக்கொண்டார்கள். பணி ஓய்வு விழாவில் பேசுவது போல இப்படி எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறாரே, கேட்க வேண்டியதை விட்டுவிட்டாரே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

சாம்பார்ச் சோறு போட்டார்கள். கை கழுவ வெளியே வந்தபோது வானம் இருட்டியிருந்தது. என் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கோயிலுக்குள் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மூட்டையாகக் கோயிலில் இருந்த விதைக்குப் பயமில்லை. ஞானமுத்து அண்ணாச்சி ஒரு காட்டில் முன்னமே ஊன்றிவிட்டாராம். காலையில் அவ்வளவு கேலி பேசின மனுஷர் முகம் செத்துப் போய் நின்றார்.

“பெஞ்சா வெளுத்து வாங்கட்டும் ஆண்டவரே. இல்லன்னா இப்பவே நிறுத்திரும். இப்பிடித் தெளிச்சு வெளையாடாதேயும்” என்றார்.

“ஆமென்” என்றேன். என் வாய் தானாகச் சொன்னது. அதோடு நிற்கவில்லை, அவருடைய காட்டுக்காக, அந்த விதைக்காக, நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் கேட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோதுதான், ‘வேண்டாம்’ என்பதைத் தவிர வேறு ஒன்றைச் சொல்லி நான் ஜெபித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. தூறல் நிற்கவும் இல்லை, வலுக்கவும் இல்லை. சனிக்கிழமை முடியப் போகிறது.

“போனைக் குடுங்க. டாக்டர் கூப்பிடாட்டி நானே கூப்புடுதேன்” என்றேன்.

இவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: “வியாழக்கிழமையே கூப்புட்டுட்டாரு ரூபி.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“அதேதானாம். வர்ற புதன்கிழமை ஆப்பரேஷன். உயிருக்குப் பெரும்பாலும் பயமில்லன்னு சொல்லுதாரு. அப்புறம் கேன்சருக்குக் கரண்ட் வைப்பாங்கள்லா, அதுவும் வைக்கணுமாம். ஆனா குரல்வளைய முழுசா எடுத்துருவாங்க. பேச்சு இருக்காது.”

“அடப் பாவி மனுசா!” என்று கைப்பையால் அவர் தோளில் அடித்தேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு நாளா... ரெண்டு நாளா என்னைப் பைத்தியக்காரியா ஆக்கி வச்சிருக்கிய!”

“சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட. வந்தாலும் வழியெல்லாம் அழுதிருப்ப. எனக்கு அங்கன போயி, ஒரு தடவை என் வாயால சொல்லிரணும்னு இருந்துது. அவ்வளவுதான்.”

அழுதேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். காலையிலிருந்து நான் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் திரும்பி வந்தது. கடலைமிட்டாய்க் கடையில் பேசாதீங்க. பஸ்ஸில் சும்மா வாங்க. தொண்டைக்கு ஓய்வு கொடுங்க. புதன்கிழமையிலிருந்து அந்தத் தொண்டைக்கு ஓய்வுதான்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் புதன்கிழமை வந்து மோதியது. மதுரையில் எங்கள் வீட்டுக் குழாயில் காலையும் மாலையும் தண்ணீர் வருகிறது. மேகத்தைப் பார்த்து அண்ணாந்து நிற்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். எட்டயபுரத்தில் பஸ் நின்றபோது, உபதேசியார் சொன்ன வழக்கப்படி, முதலில் வாங்கினதை மனசுக்குள் சொன்னேன். இத்தனை வருஷமாக ரூபி, ரூபி என்று கூப்பிட்ட ஒரு குரல். அதற்கு ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. அப்புறம்தான் கேட்டேன்.

ஜன்னல் கண்ணாடியில் சொட்டுகள் கொஞ்சம் பெரிதானது போல இருந்தது. மழையா தூறலா, இன்னும் தெரியவில்லை. இவர் வெளியே கையைக் காட்டி, “அந்தா பாரு ரூபி, அந்தக் கம்மாய்க் கரையிலதான் ஒரு நாள்...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வைவேன் என்று நினைத்திருப்பார்.

“பேசுங்க” என்றேன். “மதுரை வர்ற வரைக்கும் நிறுத்தாமப் பேசிக்கிட்டே வாங்க.”