சேற்றைக் கேட்டவர்

உறவுக்காரர்கள் இவருக்கு வைத்த பெயர் சேற்று டாக்டர். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் சளிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றார். நான் சேற்றில் கிடக்கிற நத்தை, மட்டி, தும்பிப் புழு பார்க்கிற டாக்டர் என்று இவர் விளக்கியதும், அதுகளுக்கும் சளி பிடிக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஊர் ஓரத்துச் சதுப்பு நிலம்தான் இவருடைய வேலையிடம். தொடை வரை ஏறும் ரப்பர் பூட்ஸோடு கோரைக்கு நடுவே இறங்கி, வலையால் அரித்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிக் குனிந்து பார்ப்பார். ஊருக்கு அது குப்பையும் கொசுவும். இவருக்கோ அந்த ஆழமில்லாத தண்ணீரும் அடியிலிருந்த சேறும்தான் எல்லாம். சேற்றில் புதைந்த மட்டிகள் தண்ணீரைக் குடித்து வடிகட்டி வெளியே விட்டன. ஆழம் இல்லாததால்தான் நெடுங்கால் பறவைகள் அங்கே நின்று இரை தேட முடிந்தது.

அந்த இடத்தில் பஸ் டிப்போ வரப்போவதாகத் தெரிந்ததும் வழக்குப் போட்டார். சம்பளம் கொடுக்கிற அரசு மேலேயே வழக்கா என்று இவர் வேலை பார்த்த அரசு ஆய்வு நிலையத்தின் இயக்குநர் கொதித்தார். வேலையை விட்டுத் தூக்கவில்லை. பதவி உயர்வு மட்டும் ஒவ்வொரு முறையும் இவரைத் தாண்டி ஜூனியருக்குப் போனது. கணக்கு வாத்தியாரான கணவர் சமையலையும் மகளையும் பார்த்துக்கொண்டார். வாய்தா வாய்தாவாக வருடங்கள் ஓடின. மகளின் பள்ளி விழாக்கள் வாய்தா நாளிலோ, பறவைகள் வந்திறங்கும் பருவத்திலோதான் வந்து தொலைத்தன. ஒருமுறை மகள் அழாமல் சொன்னாள்: "நீ வராட்டி பரவால்லம்மா. வந்தா மட்டும் குளிச்சிட்டு வா."

கடைசியில் தீர்ப்பு சாதகமாக வந்தது. டிப்போ கூடாது, நீர்நிலையைப் பாதுகாத்து மேம்படுத்த வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். மேம்படுத்த என்ற சொல்லை யாரும் நின்று கவனிக்கவில்லை, இவர் உட்பட.

சில மாதங்களில் பொக்லைன் வந்து கோரையை வேரோடு பிடுங்கிச் சேற்றை வாரி லாரியில் ஏற்றியது. இவர் நகராட்சிப் பொறியாளரிடம் ஓடினார். பொறியாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி வரைபடத்தை விரித்தார்: ஆழமான ஏரி, கல் பதித்த கரை, நடைபாதை, நடுவில் நீரூற்று.

"மேடம், நீங்க கேட்டபடி தண்ணியைக் காப்பாத்திட்டோம்ல?" என்றார்.

"நான் கேட்டது சேறு சார்."

பொறியாளர் சிரிக்கவில்லை. "சேத்தைக் காப்பாத்துறேன்னு நான் எந்த மீட்டிங்ல போய்ச் சொல்ல முடியும்?"

மறுபடி வழக்குப் போடலாமா என்று வக்கீலிடம் கேட்டார். உங்கள் தீர்ப்பைத்தானே நிறைவேற்றுகிறார்கள் என்று வக்கீல் கையை விரித்தார். சாலையோரம் லாரிகள் கொட்டிய சேற்றுக் குவியலில் மட்டிகள் வாய் பிளந்து காய்ந்தன. உயிரோடிருந்தவற்றைக் கணவரும் இவரும் பொறுக்கி வாளியில் போட்டார்கள். வாளி நிறைந்த பிறகு கணவர் மெதுவாகக் கேட்டார்: "இதுங்களை எங்க கொண்டுபோய் விடுறது?" வீட்டுக் குளியலறையில் வைத்திருந்து, ஒவ்வொன்றாகச் செத்து நாறியதும் புதைத்தார்கள்.

திறப்பு விழாவில் இவரை மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள். ஏரியைத் தந்த தாய் என்று ஒலிபெருக்கி முழங்கியது. எதிரே அன்னம் போலச் செய்த பெடல் படகுகள் மிதந்தன. நிஜப் பறவை ஒன்றுகூட இல்லை. பேச அழைத்தபோது நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கணவர் பிறகு கேட்கவில்லை. முன்வரிசையில் மகள் கைதட்டிக்கொண்டிருந்ததை அவரும் பார்த்திருந்தார். அம்மாவுக்காக அவள் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது கோடையில் தண்ணீர் பச்சைக் குழம்பாகி மீன்கள் செத்து மிதந்தன. நாற்றம் போக மருந்து உண்டா என்று பொறியாளர் போனில் கேட்டார். கல்லைப் பெயர்த்துக் கரையைச் சரித்துக் கோரை நடச் சொன்னார் இவர். அவர்கள் இன்னொரு நீரூற்று வைத்தார்கள்.

இவர் ஓய்வு பெற்ற வருடம் மகள் ஏரியைப் பார்த்தாற்போல வீடு வாங்கினாள். "உன்னாலதாம்மா எங்களுக்கு இந்தக் காத்து" என்று மனதார அவள் சொல்லும்போது இவர் தலையாட்டுவார். இவர் அங்கே போகும் நாட்களில், மாலையில் ஏரியைச் சுற்றி நடக்கக் கூப்பிடுவாள்.

"முழங்கால் வலிக்குதுடா. நீங்க போய்ட்டு வாங்க."

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கிளம்பியதும் எழுந்துபோய் ஏரிப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவார்.