பிரிண்டருக்குப் போட்ட பவுடர்

விருத்தாசலத்தில் எந்தத் தெருவில் நின்று ‘விருத்தாம்பா’ என்று குரல் கொடுத்தாலும் நாலு வீட்டிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். ஊர் அம்மன் பேராயிற்றே, என்ன செய்ய! ஆனால் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் வந்து கேட்டால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். பழமலைநாதன் கம்பெனி விருத்தாம்பாள். நாற்பத்திரண்டு வயது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புகிறவள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம்.

பதினாலு வருஷம் ஷெட்டில் அச்சு வேலை பார்த்தாள். பிசைந்த மண்ணை அச்சில் வைத்து அழுத்தி, தட்டி, பிசிறில்லாமல் எடுத்து, பலகையில் வரிசையாக அடுக்க வேண்டும். பொம்மையோ அகல் விளக்கோ, அவள் எடுத்தால் விளிம்பு பிய்யாது. அந்தப் பதினாலு வருஷமும் காய்ந்த மண் தூசியாகி மூக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டே இருந்ததை மட்டும் அவள் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. போன சித்திரையில் நெஞ்சு ‘விசில்’ அடிக்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே போட்டோவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னமே மண்ணுப் பக்கம் போனீங்கன்னா எங்கிட்ட வராதீங்கம்மா” என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்தால் கதை நடக்குமா? புருஷன் கோவிந்தசாமிக்கு இருப்பது முக்கால் காணி மானாவாரி. நல்ல வேளையாக ஆபீஸில் இருந்த பெண் கல்யாணமாகி ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டாள். விருத்தாம்பாள் துணிந்து முதலாளி முன்னால் போய் நின்றாள். “சார், நான் பன்னெண்டாவது பாஸு. டைப்ரைட்டிங் லோயரும் முடிச்சிருக்கேன். அந்தச் சேருல என்னை ஒக்கார வச்சுப் பாருங்க சார்” என்றாள். பழமலைநாதன் மீசையைத் தடவினார். கத்துவதற்கென்றே பிறந்த மனுஷன், அன்று கத்தவில்லை. “கார்த்திகை ஆர்டர் முடியற வரைக்கும் பாப்போம். ஒத்து வந்தா இரு. வரலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். இந்த நாற்காலி நிலைத்தால் வேலையும் உண்டு, மூச்சும் உண்டு. நாற்காலி போனால் ஷெட்டுக்குத் திரும்ப வழியில்லை, நெஞ்சு விடாது. வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். இரண்டே மாதத்தில் கம்ப்யூட்டரில் பில் போடுவது, பெட்டிக்கு ஒட்டுகிற சீட்டு அடிப்பது எல்லாம் படித்துக்கொண்டாள். ஷெட்டுப் பக்கம் ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அப்பாடா! இரவில் இருமாமல் தூங்கினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் வெயிலே இல்லை. அலமாரியில் இருந்த பேப்பர் கட்டெல்லாம் நமுத்துப்போய், பிரிண்டரில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூன்று நாலாகச் சேர்ந்து உள்ளே போயிற்று. ஒன்றில் எழுத்து விழும், மற்றதெல்லாம் வெள்ளையாக வரும். விருத்தாம்பாள் பார்த்தாள். ஒட்டுகிறதா? ஒட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சில் மண் ஒட்டினால் துணியில் முடிந்த பவுடரை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுவார்கள், மண் கழன்று வரும். செராமிக்கில் ஒரு நாள் வேலை பார்த்தவளுக்கும் தெரியும் இது. அவள் கை யோசிக்கவே இல்லை. கைப்பையைத் திறந்து, முகத்துக்குப் போடுகிற மல்லிகைப் பவுடர் டப்பாவை எடுத்து, பேப்பர் கட்டை விசிறி மாதிரி விரித்து, நடுநடுவே தூவி, தட்டி, அடுக்கி, பிரிண்டரில் வைத்தாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று முழுவதும் பிரிண்டர் சமர்த்தாக வேலை செய்தது. ஒவ்வொரு பேப்பராக வழுக்கிக்கொண்டு வந்தது. விருத்தாம்பாளுக்குத் தன் மூளையை நினைத்தே பெருமை தாங்கவில்லை. மறுநாளும் தூவினாள். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே தூவினாள்.

நாலாம் நாள் காலையில் பிரிண்டர் ‘கிர்ர்’ என்றது. பேப்பரைப் பாதி இழுத்தது, நின்றது, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முறைத்தது. மூடியைத் திறந்து பேப்பரை உருவினாள். பாதி கிழிந்து கையோடு வந்தது, மீதி உள்ளேயே தங்கிவிட்டது. அணைத்துப் போட்டாள். தட்டிப் பார்த்தாள். “அடப் பாவி, இன்னிக்கா?” என்று கெஞ்சியும் பார்த்தாள். அன்றைக்குத்தான் கார்த்திகை அகல் விளக்குப் பெட்டிகள் நூற்றெண்பதுக்கும் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு லாரி வருகிறது.

பழமலைநாதன் உள்ளே வந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். அவர் முகமும் அதே நிறத்துக்குப் போயிற்று.

“என்னாம்மா இது?”

“சிக்கிக்கிச்சு சார். பென் டிரைவுல போட்டுக்கினு ஜெராக்ஸ் கடைக்கு ஒரே ஓட்டமா ஓடி...”

“ஜெராக்ஸ் கடைக்கு ஓடணும்னா எனக்கு எதுக்கு ஆபீசு, எதுக்கு ஆளு? அந்தப் பொண்ணு மூணு வருசம் இருந்துச்சு, ஒரு நாள் இப்படி ஆச்சா? ஒத்து வரலன்னு இப்பவே தெரியுது!”

‘ஒத்து வரல’ என்ற ஒரு வார்த்தையிலேயே விருத்தாம்பாளுக்கு நெஞ்சில் பழைய விசில் கேட்பது போல இருந்தது.

பதினொரு மணிக்கு மெக்கானிக் அர்ச்சுனன் மழைக்கோட்டோடு வந்து சேர்ந்தான். ஜங்ஷன் ரோட்டில் கடை வைத்திருக்கிறவன், முப்பது வயதுக்காரன், கெட்டிக்காரன். மூடியைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். ரப்பர் உருளையில் விரலை வைத்துத் தேய்த்து வெளியே நீட்டினான். விரல் நுனி வெள்ளையாக இருந்தது.

“சார், செராமிக்குல எங்க போனாலும் இதே கதைதான். மண்ணுத் தூளு உள்ள பூந்திருக்குது. இந்த மண்ணு பொல்லாதது சார், பல்சக்கரத்தையெல்லாம் அரைச்சி வச்சிரும். கடைக்குத் தூக்கிட்டுப் போயி முழுசாப் பிரிக்கணும், பத்து நாளாவும். அப்பவும் கேரண்டி குடுக்க முடியாது. பேசாம புதுசு வாங்கிடுங்க.”

“மண்ணு எப்பிடிய்யா ஆபீசுக்குள்ள வந்துச்சு? ஜன்னலு சாத்தித்தானே இருக்குது?” என்று கேட்ட பழமலைநாதனின் கண் நேராக வாசலுக்குப் போயிற்று. அங்கே சூளைக்கார மாரிமுத்து கையெழுத்துப் போடுவதற்காக நின்றுகொண்டிருந்தார். அறுபதை எட்டப்போகிறவர். முழங்கால் வரைக்கும் மண்.

பிடித்துக்கொண்டார் முதலாளி. “இந்தக் கோலத்தோட தெனம் உள்ள வந்து நின்னா மிஷினு என்னாத்துக்கு ஆவும்? எத்தினி தடவை சொல்லியிருக்கேன், காலக் கழுவிட்டு வான்னு! இன்னமே ஆபீசு படி ஏறின, அவ்வளவுதான். ஆளு வேணாம்னு சொல்லிடுவேன், ஆமா!”

மாரிமுத்து துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். துடைத்த மண் வாசலில் விழுந்தது. அதையும் குனிந்து கையால் அள்ளினார்.

அந்த நேரம் பார்த்து அர்ச்சுனன் விரலை உதறினான். விருத்தாம்பாள் மூக்கில் மல்லிகை வாசனை வந்து மோதியது. ஐயோ, மண்ணாவது தூளாவது! மூன்று நாளாகத் தன் கையால் தூவித் தூவி ஊட்டிவிட்டது அல்லவா உள்ளே கிடக்கிறது!

பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். மண் மேலே பழி போய்விட்டது, மாரிமுத்து மேலே திட்டும் போய்விட்டது. புது மிஷின் வந்துவிடும், நாற்காலியும் அப்படியே இருக்கும். அரை நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள், அதில் பொய் சொல்வதற்கில்லை. ஆனால் மாரிமுத்து குனிந்து மண்ணை அள்ளுவதைப் பார்த்த பிறகு அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

“சார், அது மண்ணு இல்ல. பவுடரு.”

“என்னா பவுடரு?”

“மூஞ்சிக்குப் போடறது சார். பேப்பரு ஒட்டிக்கினே இருந்துச்சு. அச்சுல ஒட்டுனா தட்டுவோமே... அந்த மாதிரி நெனச்சி, நான்தான் மூணு நாளா பேப்பருல தூவுனேன். மாரிமுத்து அண்ணன் மேல தப்பு இல்ல சார். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க.”

அர்ச்சுனன் மெதுவாக விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தான். “அடடே!” என்றான். மறுபடி மோந்தான். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பத்து வருசமா ரிப்பேர் பாக்குறேன். பல்லியைப் பாத்திருக்கேன், எறும்புப் புத்தைப் பாத்திருக்கேன். பவுடர் போட்டு அழகு பண்ண பிரிண்டரை இன்னிக்குத்தான்க்கா பாக்குறேன்!”

“சிரிப்பெல்லாம் அப்பறம் சிரிய்யா. மிஷினு பொழைக்குமா, பொழைக்காதா?” என்றார் பழமலைநாதன்.

“பவுடருன்னா கவலையே இல்ல சார்! மண்ணுதான் அரைக்கும், இது மாவு மாதிரி. உருளை வழவழன்னு ஆயி பேப்பரைப் பிடிக்க முடியாம வுட்டுருக்குது, வேற ஒண்ணும் இல்ல. இங்கயே தொடச்சி மாட்டிடுறேன். நல்ல வேளை அக்கா வாயைத் தொறந்தாங்க, இல்லன்னா நான் பாட்டுக்கு மண்ணுன்னு நெனச்சித் தூக்கிட்டுப் போயிருப்பேன்.”

விருத்தாம்பாளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதி முதலாளி முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, பதினாலு வருஷம் கேட்டுப் பழகிய கத்தல்தானே. விறுவிறுவென்று ஷெட்டுப் பக்கம் போய்விட்டார். போகட்டும், சாயங்காலம் கணக்கை முடித்து அனுப்புவார், கார்த்திகை வரைக்கும்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டாள். பத்துத் தடவை துடைத்த மேஜையை மறுபடி துடைத்தாள்.

அர்ச்சுனன் உருளைகளைக் கழற்றினான். ஈரத் துணியால் துடைத்தான், காய்ந்த துணியால் துடைத்தான், மூலை முடுக்கையெல்லாம் சின்ன பிரஷால் தட்டி எடுத்தான். உள்ளே மாட்டியிருந்த கிழிசலை இடுக்கியால் உருவிப் போட்டான். ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டிக்கொண்டே செய்தான். பவுடர் தூவிய கட்டைத் தூக்கி ஓரமாகப் போடச் சொன்னான். “பேப்பரை அலமாரியில வெக்காதீங்கக்கா. பிரிக்காம கவர்லயே வச்சி, தேவைக்கு எடுத்துக்கிங்க. நமுக்காது” என்றான். அவள் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், யாருக்காகக் கேட்டுக்கொள்கிறோம் என்று தெரியாமலே.

முக்கால் மணி நேரத்தில் மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினான். பச்சை விளக்கு. பேப்பர் ஒன்றே ஒன்றாக உள்ளே போயிற்று. வெளியே வந்தது, சூடாக, எழுத்து பளிச்சென்று. உள்ளே ஒட்டியிருந்த மிச்சப் பவுடர் சூட்டில் மணத்து ஆபீஸ் முழுக்க மல்லிகைப் பந்தல் வாசனை அடித்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. விருத்தாம்பாள் அந்த மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு, அம்மா தாயே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சடசடவென்று நூற்றெண்பதையும் அடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பாதி வந்துகொண்டிருக்கும்போது பழமலைநாதன் திரும்பி வந்தார். பின்னாலேயே மாரிமுத்து. கையில் டீ கிளாஸ். அதே மண் காலோடு ஆபீஸுக்குள்ளேயே நின்று ஊதி ஊதிக் குடித்தார். முதலாளி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அவர் மன்னிப்புக் கேட்கிற லட்சணம் அவ்வளவுதான்.

“ஏம்மா, அச்சுல ஒட்டுனா பவுடரு தட்டுன்னு ஷெட்டுல உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?”

“நீங்கதான் சார்.”

“இங்க வந்தப்பறம் தட்ட வேணாம்னு சொன்னனா?”

“இல்லீங்க சார்.”

“சொல்லல இல்ல? அப்பறம் என்னா?” என்று கத்தினார். இதற்கு என்ன அர்த்தம் என்று விருத்தாம்பாளுக்குப் பிடிபடவில்லை. போகச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா? கேட்கவும் பயம். பிரிண்டரிலிருந்து விழுகிற சீட்டை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

அர்ச்சுனன் பையைத் தோளில் மாட்டினான். “சார், மாசம் ஒரு தடவை தொறந்து தொடைக்கணும். யாருக்கு போன் பண்ணட்டும்? உங்களுக்கா?”

“எனக்கு எதுக்குய்யா? மிஷினைப் பாத்துக்கறது இந்தம்மா. இந்தம்மா நம்பரை வாங்கிக்க.”

விருத்தாம்பாள் நிமிர்ந்தாள். அர்ச்சுனன் போனை எடுத்துக்கொண்டு, “சொல்லுங்கக்கா” என்றான். ஒன்பது என்றாள். எட்டு என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பத்து வருஷமாக வைத்திருக்கிற நம்பர்! எண் எல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று. அர்ச்சுனன் சிரித்துக்கொண்டே தன் நம்பரைச் சொல்லி மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னான். அவள் அழுத்தினாள். அவன் போன் அடித்து நின்றது.

“விருத்தாம்பான்னு எங்கிட்ட ஏற்கனவே மூணு பேரு இருக்காங்க. ஷெட்டுன்னு சேத்துப் போட்டுக்கவா சார்?”

“யோவ், ஆபீசுன்னு போடுய்யா!” என்று பழமலைநாதன் போட்ட சத்தத்தில் மாரிமுத்துவின் டீ சிந்தியது.