காது குத்தும் மடி

திண்டிவனம் பக்கத்துப் பள்ளிகளில் சனிக்கிழமைதோறும் மனித உரிமை வகுப்பு எடுக்கிறேன். எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் கதைப் புத்தகம் ஒன்றில் ஒரு திருநங்கை வருவார். எல்லாப் பக்கத்திலும் தனியாகவே நிற்பார். நல்லது சொல்வார், போய்விடுவார்.

"சார், இவங்களுக்கு சொந்தக்காரங்க யாரும் கெடையாதா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"அதான் வெளியவே சுத்திக்கினு கீறாங்க," என்றான் பின்னாலிருந்தவன். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுப்புரத்தில் இருக்கும் என் அக்கா திருநங்கை. ஒரு காலத்தில் அண்ணன் என்று கூப்பிட்டோம். தங்கச்சியை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள்.

அந்த வாரமே ஒரு கதை எழுதினேன். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை, திருநங்கையான பெரியம்மா மடியில் உட்காருகிறது. அவ்வளவுதான் கதை. அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"கதையில உக்கார வெச்சிட்ட. நம்ம பாப்பாவுக்கு அடுத்த மாசம் குத்தறாங்களே, அங்க?"

பாப்பா என்றது தங்கச்சி மகளை. தங்கச்சியை முகையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாமன் மடி என்னுடையது என்று அந்த வீட்டில் முன்பே முடிவாகியிருந்தது. 'எல்லோரும் சமம்' என்று பலகையில் எழுதும்போதெல்லாம் அக்கா கேட்டதே காதில் விழுந்தது. பொறுக்கமாட்டாமல் தங்கச்சிக்குப் போன் போட்டு, கதையையும் அக்கா கேட்டதையும் சொன்னேன்.

"பேஜாரு பண்ணாதண்ணா. அந்தக் கதைய அனுப்பு. எங்க மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டறேன்."

அதன்பின் பஸ்ஸில், வகுப்பில், சாப்பாட்டில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமியாரே கூப்பிட்டார்.

"ஏம்பா, காது குத்தறப்ப அந்தப் புள்ள அழுதுச்சா, இல்லியா?"

"அத... எழுதலைங்க."

"என்னா கதப்பா எழுதன? புள்ள துள்ளும். இறுக்கிப் புடிக்கணும். உங்கக்கா புடிப்பாளா? புடிப்பான்னா வந்து குந்தட்டும்."

"ஊர்ல பேசுவாங்களேங்க?"

"சோறு போடறோம்ல, தின்னுட்டுப் பேசட்டும். உன் மடி வெறும் எலும்பு. புள்ளைக்கு அது வேற குத்தும்."

உடனே அக்காவிடம் சொன்னேன். அவள் இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை. "ஊரே நிக்கும்டா. பாப்பா என்னப் பாத்து பயந்துட்டா?" என்கிறாள். கதையில் பிள்ளை அழுகிற பக்கத்தை எழுத உட்கார்கிறேன். பிடித்திருக்கும் கை வரை வந்து நின்றுபோகிறது.

வருகிறாயா என்று நேற்றும் கேட்டேன். பாப்பாவுக்குக் கம்மல் வாங்கிவிட்டாளாம். அதை மட்டும் சொன்னாள்.