தொட்டிக்குப் பார்த்த மட்டம்

ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்த நாள் முதல், தினமும் காலையில் அவளைச் சிரிக்கச் சொல்வேன். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்திருந்தது. காலும் கையும், முகத்தின் இடது ஓரமும் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. ஆனால் அனுப்பும்போது டொக்டர் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. வாய் மறுபடி கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, உடம்பு முன்னையைவிடச் சரிந்தாலோ ஒரு நிமிடமும் பிந்தாமல் கொண்டுவர வேண்டும். இரண்டாவது தரம் வந்தால் தப்புவது கஷ்டம் என்றார்.

"சிரியும் பாப்பம்" என்பேன்.

"விடியக்காலமை ஆருக்குச் சிரிப்பு வரும்? போங்கோ, தேத்தண்ணியைப் போடுங்கோ."

பேச்சில் சினம் இருக்கும், குழறல் இருக்காது. அது போதும் எனக்கு. குசினிக்குப் போய்க் கேத்திலை வைப்பேன்.

பகல் முழுவதும் அவள் விறாந்தைக் கதவைப் பார்த்தபடி ஹோலில் ஒரு கைக்கதிரையில் இருப்பாள். றோட்டில் போகும் பஸ்ஸையும், எங்கள் ஊரில் மாடுகள்போலத் திரிந்து குப்பை கிளறவரும் மான்களையும் எத்தனை நாளைக்குப் பார்ப்பது? அலுத்துப் போனாள். அந்த நேரத்தில்தான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலைத் திருத்துகிறார்கள், வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியை எடுக்க ஆளில்லை என்று கேள்விப்பட்டேன். ஐந்தடி நீளம். கூடவே இரும்புத் தாங்கி. லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன். தொன் கணக்கான பாரத்தை ஆட்டமில்லாமல் கப்பலுக்குள் இறக்கியவன். ஆகவே மட்டம், பாரம் என்று வந்தால் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு மண்டைக்கனம் உண்டு. தொட்டியைச் சுவரோரம் வைத்து அரைவாசி நிரப்பிப் பார்த்தேன். வாசல் பக்கத்து முனையில் தண்ணீர் ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது.

எங்கள் வீடு பழைய வீடு. சிவப்புச் சீமெந்து நிலம். கழுவி ஊற்றிய தண்ணீர் தானாக வாசலால் வெளியே ஓடவேண்டும் என்று, அந்தக் கால மேசன் உள்ளிருந்து வாசலுக்கு வாட்டம் வைத்துப் போட்டிருந்தான். நடக்கும்போது தெரியாது. தண்ணீருக்குத் தெரிந்துவிட்டது. சரிந்து நிற்கும் தொட்டியில் பாரமெல்லாம் ஒரு மூலைக்குப் போகும், ஒரு நாள் கண்ணாடி வெடிக்கும். அவளோ அதற்கு முன்னால்தான் இருக்கப்போகிறாள். வெடித்தால் சட்டென்று எழும்பவும் முடியாதவள்.

குறிஞ்சாக்கேணியில் எனக்குப் பழக்கமான தச்சு வேலைக்காரர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட வயது குறைவு, ஆனாலும் முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் அழைக்கும் வழக்கப்படி நானா என்றுதான் கூப்பிடுவேன். அவரை வரச்சொன்னேன். தண்ணீரை வாளி வாளியாக அள்ளி வெறுமையாக்கினோம். தாங்கியின் கீழே தடித்த பலகை கொடுத்து, தாழ்ந்த பக்கத்துக்கு ஆப்புச் சீவி இறுக்கினார். தொட்டிக்கும் தாங்கிக்கும் நடுவில், கண்ணாடி அழுந்தாமலிருக்க, ரெஜிபோம் என்ற வெள்ளைப் பஞ்சு அட்டையை வைத்தோம். நீளவாட்டில், அகலவாட்டில், மூலைக்கு மூலை என்று அவருடைய ரசமட்டத்தை வைத்து, அதன் குமிழி நடுக்கோட்டுக்குள் நிற்கும்வரைக்கும் நான் அவரை விடவில்லை.

"மட்டம் எண்டா இதுதான் அண்ணன். இனி நீங்க நிம்மதியாப் படுக்கலாம்" என்றார்.

நிரப்பினேன். ஆறு தங்கமீன்கள் விட்டேன். அவளுடைய கதிரையைத் திருப்பித் தொட்டிக்கு நேரே போட்டு, அவளைக் கொண்டுவந்து இருத்தினேன். தொட்டியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா வலப்பக்கம் பதிஞ்சிருக்கு."

அவள் தையல் ரீச்சராக இருந்தவள். சுவரில் கலண்டர் ஒரு நூல் சரிந்திருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. பழைய குணம் திரும்பிவிட்டது என்று முதல்நாள் சிரித்தேன். அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். அளவுகோலால் தண்ணீரின் உயரத்தை இரண்டு முனையிலும் அளந்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவள் கதிரையில் இடப்பக்கம் சரிந்துகொண்டிருந்தாள். தலையணை ஒன்றைச் செருகினேன். மத்தியானத்துக்குள் தலையணையும் அவளும் சேர்ந்து சரிந்திருந்தார்கள். இல்லாத சரிவு கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பும் சரிகிறது. டொக்டர் சொன்னது இதுதானே! எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சிரிக்கச் சொல்வது நாளுக்கு ஒன்று போய் ஐந்தாறு தரமானது. கையை உயர்த்தும், கண்ணை மூடும், உம்மடை பேரைச் சொல்லும் என்று அவளைப் போட்டு உலைத்தேன்.

"எனக்கு ஒண்டுமில்லை. உங்கடை தொட்டிக்குத்தான் வருத்தம்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தேன். உடுப்புப் பையும் கட்டிவிட்டேன். அவள் வரமாட்டேன் என்று கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டி நேர் எண்டு காட்டுங்கோ. பேந்து வாறன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தில் வருகிற கோபம். நானா மறந்துபோய் விட்டுச்சென்ற ரசமட்டம் அலுமாரிக்கு மேலே கிடந்தது. எடுத்துத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது.

"பாத்தீரோ?"

"இவ்வளவு தூரத்திலை எனக்கு என்ன தெரியும்? இஞ்சை கொண்டுவாங்கோ."

குமிழியை எப்படிப் பார்ப்பது, அது உயர்ந்த பக்கத்துக்குத்தான் ஓடும் என்று முதலில் விளங்கப்படுத்துவோம் என்று அவளிடம் கொண்டுபோனேன். ஒற்றைக் கையால் தூக்கிப் பிடிக்க அவளால் முடியவில்லை. அதனால் மடிக்கு மேலே, கதிரையின் இரண்டு கைகளுக்கும் குறுக்காக வைத்தேன்.

குமிழி வலப்பக்கம் ஓடி, முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் விளங்கியது எனக்கில்லை, அவளுக்கு.

"அப்ப சரிஞ்சது நான்தான்" என்றாள் மெதுவாக.

வாசலைப் பார்த்து இருந்த காலத்தில் நிலத்தின் வாட்டம் அவளுடைய காலை நோக்கி ஓடியது. நான் கதிரையைத் திருப்பிப் போட்டபோது வாசல் அவளுக்கு இடப்பக்கமாகி, அதே வாட்டம் குறுக்காக, அவளுடைய பலமில்லாத இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. இடப்பக்கம் சரிந்திருந்தவளின் கண்ணுக்கு நேரான தொட்டி வலப்பக்கம் பதிந்து தெரிந்திருக்கிறது. ஆறு மீனுக்காக மூலைக்கு மூலை மட்டம் பார்த்தவன், கட்டின பெண்சாதியைச் சரிவில் இருத்திவிட்டு, அவளுடைய தலையில் பிழை தேடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவளிடம் அதைச் சொன்னேன்.

"வெக்கப்பட்டது காணும். ஆப்பு மிச்சம் கிடக்கோ, பாருங்கோ."

கிடந்தது. கதிரையின் இடப்பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் கீழே செருகினேன். குமிழி நடுவுக்கு வரும்வரை நிலத்தில் படுத்துக்கிடந்து தட்டினேன். தலையணையை எடுத்தும் அவள் சரியவில்லை. முழுக்க நிமிர்ந்தாள் என்று சொல்லமாட்டேன். நோயின் பங்கு கொஞ்சம் மிஞ்சித்தான் இருந்தது. தொட்டியைப் பார்த்தாள்.

"ஓம். இப்ப நேர்."

மறுநாள் காலையில் ஒன்றும் கேட்காமல் குசினிக்குப் போனேன். தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"இண்டைக்குச் சிரிக்கச் சொல்லேல்லையோ?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் சிரித்தாள். இதழின் இடது ஓரம் கொஞ்சம் பிந்தி வந்தது. ஆனாலும் வந்தது.