திலகவதியின் உள் நம்பர்

யாராவது பேர் சொன்னால் திலகவதி அடுத்துக் கேட்பது, "இதே பேர்ல உங்க தெருவுல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்றுதான். சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மீன்காரம்மா மங்கம்மாவிடமும் இப்படிக் கேட்டாள். "எங்க குப்பத்துலயே நாலு மங்கம்மா. ஏன், எவ மேலயாவது கேசா?" என்று அந்த அம்மாள் கூடையோடு வேறு சீட்டுக்குப் போய்விட்டார். திலகவதி என் பக்கம் திரும்பி, "பாத்தியா, நாலு பேரு. பேர நம்பி எதுவும் செய்யக் கூடாது" என்றாள்.

கல்லூரியில் என்னோடு படித்தவள். நான் ஊர் ஊராகச் சுற்றிய வருடங்களில் அவள் கடலூரை விட்டு நகரவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறாள். இப்போதைக்கு ஒரே வாடிக்கையாளர், சிதம்பரம் கீழவீதியில் ஒரு மாடியில் திருமணத் தகவல் மையம் வைத்திருக்கும் உத்திராபதி. அவருடைய கம்ப்யூட்டரில் பெண், பிள்ளை விவரங்கள் ஓர் இடத்திலும் புகைப்படங்கள் இன்னோர் இடத்திலும் ஜாதகங்கள் வேறோர் இடத்திலும் இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கட்ட ஆளுக்கு ஓர் அடையாளம் வேண்டும். ஒருவருடையது இன்னொருவருக்கு இருக்கக் கூடாது. கொடுத்தபின் மாறவும் கூடாது. எதை அடையாளமாக வைப்பது என்பதில்தான் அவளுக்கு முன்நெற்றியில் நரை விழுந்தது.

உத்திராபதி முதலில் செல்போன் நம்பரை வைக்கச் சொன்னார். டாக்டைம் சலுகைக்காக ஊரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த காலம். போதாததற்கு, பரங்கிப்பேட்டைப் பக்கத்து மளிகைக் கடை நம்பர் ஒன்றில் ஆறு பெண்கள் பதிவானார்கள். கடைக்காரருக்கு ஆறு பெண் குழந்தைகள் என்று மாப்பிள்ளை வீடுகளில் அனுதாபம் பரவியது. அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

அடுத்து பிறந்த தேதியும் நேரமும். அதுவும் நிலைக்கவில்லை. "மொத வாரம் ஒரு ஜாதகம் குடுக்கறாங்க, அடுத்த வாரம் செவ்வாய நகத்தி வெச்சிக் கொண்டாறாங்க. நம்ம ஊர்ல பொறந்த நேரமே பொறந்து இருபத்தஞ்சி வருசம் கழிச்சிதான் முடிவாவுது" என்றாள்.

உலகமெங்கும் செல்லுபடியாகும் நம்பர் என்று நான் என் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். பக்கங்கள் தீர்ந்து புதிதாக வாங்கியது. பழையதும் பையில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நம்பர் மாறிடுச்சி. ஆளு அதே ஆளு, பையி அதே அழுக்குப் பையி. இதுவும் ஆவாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில், வருகிற வரிசைப்படி மெஷினே தரும் வெறும் எண்ணுக்கு வந்து சேர்ந்தாள். "அர்த்தமே இல்லாத நம்பர்தான் நல்ல நம்பர். அர்த்தம் இருந்தா எவனாச்சும் திருத்த வருவான்."

ஸ்ரீமுஷ்ணம் நெல் வியாபாரி ராமாமிர்தத்தின் மகளுக்குப் பதிவு அட்டையில் 242 வந்தது. அவர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். எட்டு. சனி. உத்திராபதியிடம் வந்து நின்றார். உத்திராபதி திலகவதியைக் கேட்காமல் தாமே அதை 240 என்று மாற்றிக் கொடுத்தார். கூட்டினால் ஆறு, சுக்கிரன். அந்த நம்பர் காலியாகத்தான் இருந்தது. அதற்குரிய பெண்ணுக்குப் போன ஆவணியில் கல்யாணமானதும் விவரத்தை அழித்திருந்தார். புகைப்படத்தை அழிக்க மறந்திருந்தார்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். காபித் தட்டோடு வந்த பெண்ணையும் மையத்தில் கொடுத்தனுப்பிய படத்தையும் பிள்ளையின் அத்தை மாறி மாறிப் பார்த்தார். "இது தங்கச்சிங்களா? பெரிய பொண்ணக் கூப்புடுங்க." ராமாமிர்தத்துக்கு ஒரே பெண். படம் கைமாறிச் சமையலறை வரை போனது. அங்கிருந்து ஒரு குரல் வந்தது: "இது வடலூர்ல குடுத்த பொண்ணாச்சே. மாசமா இருக்குதே."

மறுநாள் காலை ராமாமிர்தம் மையத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். திலகவதியோடு நானும் போயிருந்தேன். "இந்தம்மாதான் எழுதனது" என்று கையைக் காட்டிவிட்டு உத்திராபதி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அவளைத் தனியாக அழைத்து, "இவுரு போனா ஸ்ரீமுஷ்ணமே போயிடும்மா. இன்னிக்கி இவுரு சமாதானமாவலன்னா கம்ப்யூட்டர மூடிட்டுப் பழைய ஃபைலுக்கே போறேன்" என்றார்.

"நம்பர மாத்த முடியாம பூட்டு போட்டிருக்கணும். போடல. அது என் தப்பு" என்றாள் திலகவதி. மெஷின் முன் உட்கார்ந்தாள். ராமாமிர்தத்தின் மகளைப் பழையபடி 242க்கே கொண்டுவந்து படத்தோடு சேர்த்துப் பூட்டைப் போட்டாள். பிறகு வெளி நம்பர் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு ராமாமிர்தத்தைக் கூப்பிட்டாள்.

"உங்க அட்டையில இதுதான் சார் வரும். எது வேணா வெச்சிக்கலாம். வேற யாரும் வெச்சிருக்கக் கூடாது, அவ்ளோதான்."

அவர் யோசித்து 1005 என்றார். முகம் தெளிந்தது. வரன் தேவைப்படாத உத்திராபதியும் தமக்கு ஒன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டார்.

அட்டை அச்சாகப் போகிற நேரத்தில் ராமாமிர்தம் கேட்டார். "வெளி நம்பர்னா, உள் நம்பர்னு ஒண்ணு இருக்குதா?"

"இருக்குது சார். அது மெஷினுக்கு."

"அது என்னா நம்பரு?"

"அது யாரும் பாக்கறதுக்கு இல்ல சார்."

"நாம பாக்க வேணாம்மா. சனீஸ்வரனுக்கு அட்டையக் காட்டி ஏமாத்த முடியுமா? அவுரு உள்ளதான பாப்பாரு?"

உத்திராபதி மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார். ராமாமிர்தம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, மேசைமேல் கையூன்றித் திரைப்பக்கம் குனிந்தார். மேல் மூலையில் 242 எரிந்துகொண்டிருந்தது.

திலகவதி இடது உள்ளங்கையை விரித்து அந்த மூலையில் அழுத்தி வைத்தாள். வலது கை விசைப்பலகையில் இருந்தது.

"பொண்ணு நட்சத்திரம் அனுஷமா, கேட்டையா சார்?"

"அனுஷம்" என்றார் அவர், அந்தக் கையைப் பார்த்தபடி.

அட்டை வெளியே வந்தது. அவர் 1005ஐ இன்னொரு முறை விரல் விட்டுக் கூட்டினார். சட்டைப் பையில் வைத்தார். மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கி, தெருவில் கலந்து, கேட்காமல் போகும்வரை திலகவதி திரையிலிருந்து கையை எடுக்கவில்லை.