எறும்புக்கு ஊற்றிய வெந்நீர்

திண்டிவனம் சாலையை அகலப்படுத்தியபோது, எங்கள் வீட்டெதிரே இருந்த ஆவாரஞ்செடிகளை வழித்தெறிந்தார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு பிடி விதைதான். தொட்டியில் ஊன்றி, தினமும் குனிந்து பார்த்தேன். மாதம் கடந்தும் முளைக்கவில்லை; எறும்புதான் மொய்த்தது.

ஒருநாள் என் மனைவி அந்தத் தொட்டியில் கொதிக்கும் நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அய்யய்யோ, விதை வெந்துடும்!"

"ஆமா, அப்படியே முளைச்சிக்கினு இருந்துச்சி பாருங்க! எறும்பு வீட்டுக்குள்ள வருது."

அந்த வாரமே தொட்டியில் பச்சை முளைகள். வியந்துபோய், ஊன்றாமல் மிஞ்சிய விதையொன்றைக் கடித்துப் பார்த்தேன், கல்லாக இருந்தது. அந்தக் கெட்டித் தோலை வெந்நீரின் சூடுதான் இளக்கியிருக்கிறது.

செடி பூத்த ஆண்டு, பொங்கல் காப்புக்கு எங்கள் பூவையே வாசலில் கட்டினேன். கதவு நிலையில் எறும்புகள் ஊர்ந்தன. வெந்நீரோடு வந்தவளைத் தடுத்தேன்.

"விட்டுடும்மா, அதுங்களாலதான் இந்தப் பூவே."